எடுத்த இடத்தில் வைத்தால்

ரெஜினாள் விரல்களை விரித்துவிட்டாள். டம்பெல் கீழே வரவில்லை. விட்ட இடத்திலேயே, தோள் உயரத்தில், எங்கே போகலாம் என்று யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மின்விசிறிக் காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைப் பக்கமாக நகரத் தொடங்கியது. அவள் எட்டிப் பிடித்து அதைக் கட்டிலுக்கு அடியில் திணித்தாள். அங்கே அது பலகையில் முட்டிக்கொண்டு நின்றது. அதன் ஜோடியை எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். வெங்காயச் சருகு அளவுக்குக்கூட அது கனக்கவில்லை.

“பேரம் பேசி வாங்கியிருப்ப,” என்றார் கட்டிலில் கிடந்த அவள் கணவர் லிகோரி. “வெலையைக் குறைச்சா கனத்தையும் குறைச்சுத்தான குடுப்பான்.”

பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வந்தது, கேலி மட்டும் பழைய வேகத்திலேயே வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து லாரி லாரியாகச் சரக்கை ஒரு பிடியை இரண்டு விரலால் தள்ளியே வெளியே எடுத்து வைத்தவர் என்பதால் கனம் என்ற விஷயத்தின்மேல் அவருக்கு எப்போதும் ஒரு அலட்சியம் உண்டு. இப்போது தன் கையையே தன்னால் தூக்க முடியாமல் கிடக்கும்போதும் அது போகவில்லை. அவரை எடுத்துச் சக்கர நாற்காலியில் உட்காரவைக்க, குளிப்பாட்ட, திருப்பிப்போட, தெருவில் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. தெருவிலோ ஆண்களில் பாதிப்பேர் கப்பலில் இருந்தார்கள், மீதிப்பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

இதையெல்லாம் சென்னையிலிருந்து போனில் கேட்டுக் கேட்டுச் சலித்த மகள் டெல்பின், அப்பாவை வைத்துப் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு இல்லத்தில் இடம் சொல்லிவைத்துவிட்டாள். படுக்கை, நர்சு, ஜன்னல் எல்லாம் உண்டு. அம்மா ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். ரெஜினாள் மாட்டேன் என்றாள். அழுதாள், பிறகு சண்டை போட்டாள், கடைசியில் தாயும் மகளும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். அந்தோணியார் திருவிழாவுக்கு டெல்பின் வருவாள். அன்றைக்கு அம்மா யாரையும் கூப்பிடாமல் ஒற்றை ஆளாக அப்பாவைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் இல்லத்தைப் பற்றி இனிப் பேச்சில்லை. காட்டாவிட்டால், வந்த வண்டியிலேயே அப்பாவை ஏற்றிக்கொண்டு போய்விடுவாள்.

வாரந்தோறும் லிகோரிக்குக் கைகால் நீவிவிட வரும் பிசியோ ஜெபராஜிடம் ரெஜினாள் வழி கேட்டாள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகத் தேவையில்லை, வீட்டிலேயே செய்யலாம் என்றான் அவன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பியுங்கள், பிறகு கைக்குக் கொஞ்சம் கனம், பழகப் பழகக் கூட்டுங்கள், முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள், குனியும்போது முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மடங்குங்கள், தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். என்ன வாங்குவது என்று கேட்டதற்கு, ரப்பர் பட்டை இடத்தை அடைக்காது, ஆனால் மனிதரைத் தூக்கப் பழகுகிறவருக்கு இரும்புதான் சரி என்றும், தட்டு மாட்டும் கம்பியில் திருகு கழன்றால் கால் போய்விடும் என்றும், மெஷின் மட்டும் வேண்டவே வேண்டாம், மெஷின் வாங்கிய வீட்டிலெல்லாம் அதில் துணிதான் காய்கிறது என்றும் சொன்னான். அவள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், தேங்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கையில் நிறுத்துப் பார்த்து, ஒன்றைக் காதருகே ஆட்டியும் பார்த்துவிட்டு, ரப்பர் உறை போட்டது நாற்றத்தில் தலைவலி தரும் என்று ஒதுக்கி, கறுப்பு இரும்பில் ஒரு ஜோடி வாங்கி வந்தாள். சில நாள் தூக்கி இறக்கிய அந்த ஜோடிதான் இப்போது கட்டிலுக்கு அடியில் மிதந்தது.

திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் அதைத் தராசில் வைத்துப் பார்த்தார், தராசு தூங்கியது. உபயோகித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று மட்டும் சொல்லி, ஜோடியை ஒரு சரட்டில் கட்டி, பலூன் மாதிரி அவள் கையில் கொடுத்தனுப்பினார்.

அடுத்து அவள் உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை உப்பை வரவழைத்தாள். நெஞ்சோடு அணைத்துத் தூக்குவாள், இறக்குவாள், தூக்குவாள், இறக்குவாள். திருவிழாவுக்குக் கொடி தைக்கக் கொடுத்த சமயத்தில் மூட்டை தலையணை கனம் ஆயிற்று, பிறகு தலையணை உறை கனம் ஆயிற்று, அதிலிருந்து அள்ளிப் போட்ட உப்பை மீன் குழம்பு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தண்ணீர் கேன் லேசானது. மச்சான் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய வள்ளத்து நங்கூரம் லேசாகி, கயிற்றில் கட்டியிருந்தும் மாட்டுக்கன்று மாதிரி முற்றத்தில் அங்கும் இங்கும் திரிந்தது. கோடி அற்புதர் என்று பேர் வைத்த அந்தோணியாருக்குத் தெருமுக்கில் குருசடி என்று ஒரு சின்னக் கோயில் வைத்துக் கும்பிடுகிற தெரு அது. ஒரு அற்புதம் கூடிப்போனதற்காக யாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கவில்லை. வந்தவர்களும் நங்கூரத்தை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, காப்பி இருக்கிறதா என்று கேட்டார்கள்.

சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள். குழாயடியிலிருந்து அடுப்படிக்கு ரெஜினாள் தினமும் சுமக்கும் குடம் மட்டும் அன்று போலவே இன்றும் கனப்பதை அவள் கவனித்தாள். குடத்தை எடுத்த இடம் வேறு, வைத்த இடம் வேறு. உப்பு மூட்டையை எடுத்த இடத்திலேயே வைக்கிறாள்.

“வேலைக்குத் தூக்குனா சாமானுக்கு ஒண்ணுமில்ல, ஏளா,” என்றாள் மிக்கேலம்மாள். “சும்மா தூக்கித் தூக்கி எடுத்த எடத்துலயே வச்சா அதுக்கு மனசு விட்டுப்போகுது.”

 பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து, காலையில் எழுந்ததும், எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று பார்க்க, லிகோரியின் தோளுக்கு அடியிலும் முழங்காலுக்கு அடியிலும் கையைக் கொடுத்து ஒரு சாண் தூக்கி, மூச்சு முட்டியதும் கட்டிலிலேயே இறக்கிவிடுவது ரெஜினாளின் வழக்கமாகியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் தலை வைத்திருந்த தலையணையில் குழி பாதிதான் விழுந்திருந்தது. சில நாளாக அவர் எதற்கும் கோபப்படவில்லை என்பதும், செய்தி பார்த்துக்கொண்டே சிரித்தார் என்பதும், அது தேறி வருவதன் அடையாளம் என்று தான் சந்தோஷப்பட்டதும் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. வீட்டுப் பாகத்தில் ஏமாற்றிய தம்பியோடு வாழ்நாள் முழுக்க அவர் வளர்த்துவைத்திருந்த பகையைப் பற்றி மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

“என்ன பகை,” என்றார் லிகோரி.

அன்றோடு அவரைத் தூக்கிப் பார்ப்பதை விட்டாள். ஆட்கள் வந்து அவரைத் தூக்கினால் ஒன்றும் ஆவதில்லை, அவள் கையில்தான் அந்த வினை இருந்தது. கஞ்சியும் கருவாடும் ஊட்டி, தம்பி செய்த அநியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அவரை ஒருவாறு நிலைக்குக் கொண்டுவந்தாள். தலையணையில் குழி முக்கால்வாசி திரும்பியது.

இப்போது அவள் நிலைமை இப்படி ஆயிற்று. தூக்கிப் பழக வேண்டியது அவரை, அவரை வைத்துப் பழகக் கூடாது. மற்றவற்றை வைத்துப் பழகினால் அவை லேசாகிவிடுகின்றன. புதிதாக வரும் சாமானின் முதல் நாள் கனம்தான் உடம்புக்கு உரம் என்றான் ஜெபராஜ், அதனால் நாளுக்கொரு கனம் வேண்டும். மிக்கேலம்மாள் இதைத் தெருவில் போய்ச் சொன்னாள், அவள் சொன்ன மறுநாளே தெரு வந்துவிட்டது.

மாடிக்கு ஏற்ற முடியாத பீரோவோடு ஒரு வீட்டார் வந்தார்கள். கிரைண்டரைக் கழுவும்போதெல்லாம் முதுகு பிடித்துக்கொள்கிறவள் கிரைண்டரோடு வந்தாள். கேஸ் சிலிண்டர், தையல் மெஷின், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, அம்மி, ஆட்டுரல், ஓடாத பைக், ஓடுகிற பைக். ரெஜினாள் வீட்டு முற்றத்தில் அவை வரிசையில் நின்றன, ஜெபராஜ் அவற்றை வகை பிரித்தான். பிடி உள்ளது தோளுக்கு, பிடி இல்லாதது நெஞ்சுக்கும் கைக்கும், அகலமானது இடுப்புக்கு, காலுக்குப் பீரோ. பூசை நாளான ஞாயிற்றுக்கிழமை உடம்புக்கு ஓய்வு என்று சொல்லி அன்று யாரும் எதையும் கொண்டுவரக் கூடாது என்றும் வைத்தான். முழங்கால் வலிக்காரியான மிக்கேலம்மாள் ஒரு நாள் தானே வரிசையில் வந்து நின்று, என்னையும் நாலு தடவை தூக்கி வை என்றாள். மனுசரைத் தூக்க மாட்டேன் என்று ரெஜினாள் சொல்லிவிட்டதில் அவளுக்கு வருத்தம், அதை மனதில் வைத்துக்கொண்டு சில நாள் காப்பிக்கு வராமல் இருந்தாள்.

ஆனி பிறக்குமுன்பே கச்சான் காற்று கிளம்பிவிட்டது, தெரு தன் சாமான்களைக் கட்டிவைக்கப் பழகியது. துறைமுகத்தில் வேலை பார்த்த கைகளுக்கு முடிச்சு சொல்லிக்கொடுக்க வேண்டுமா. கிரைண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினார்கள், பீரோவுக்கு இரண்டு பக்கமும் வடம் இழுத்தார்கள், பைக்கை நிறுத்திவிட்டுப் பூட்டுவதற்குப் பதில் வாசல் தூணில் தளைத்தார்கள். அப்படியும் ஒருவர் வீட்டு ஆட்டுரல் அவிழ்த்துக்கொண்டு போய், மூன்றாம் வீட்டு மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டிருந்தவள் அதைத் துடைப்பத்தால் தட்டி இறக்க வேண்டியதாயிற்று. முதலில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. லேசான அம்மி மிளகாயை அரைக்கவில்லை, தடவிக்கொடுத்தது. தையல் மெஷின் துணிக்கு மேலேயே ஓடியது. சிலிண்டரில் வந்த தீ மஞ்சளாக நின்றதே தவிர, பால் பொங்கவில்லை. பள்ளிக்கூடப் பைகளைத் தூக்கிப்போன பிள்ளைகள் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை என்றன. கனம் போன சாமானுக்கு வேலையும் போய்விடுகிறது என்று ரெஜினாள் தன் மனதில் எழுதிக்கொண்டாள், வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

அவள் உடம்பு இதற்குள் வேறாகியிருந்தது. ரவிக்கைக் கை இறுகியது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்தால் கழுத்தோடு வந்தது. ஆனாலும் லிகோரியைத் தூக்க இது போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தூக்கிப் பார்த்துத்தான் தெரிய வேண்டும், தூக்கினால் வைக்கத்தான் வேண்டும்.

குருசடிக் கமிட்டித் தலைவர் தொபியாஸ் ஒரு நாள் சாயங்காலம் வந்தார். லிகோரியின் கூட்டாளி, சப்பரத்துக்கு அவரோடு சேர்ந்து முன்கொம்பில் தோள் கொடுத்தவர். இவ்வளவு சிரமம் எதற்கு, அண்ணனையே தினமும் தூக்கித் தூக்கி வைத்தால் திருவிழாவுக்குள் பஞ்சு மாதிரி ஆகிவிடுவாரே, டெல்பின் வரும்போது சுண்டுவிரலில் தூக்கிக் காட்டலாமே என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தெருவில் எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது, அவர் சொன்னதும் எதிர் வாசல்களில் விழுந்த அமைதியில் தெரிந்தது.

ரெஜினாள் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். அவர் போன பிறகு லிகோரி அவளைக் கூப்பிட்டார்.

“அவன் சொல்லுதது நல்ல ரோசனைதான.”

“அம்மி அரைக்க மாட்டேங்குது, தெரியுமா ஒங்களுக்கு?”

“நான் இனி என்னத்த அரைக்கப் போறேன்?”

“என் உசுரை அரைப்பியள்லா,” என்றாள் ரெஜினாள். “அதுக்காவது ஆள் முழுசா வேணும்.”

லிகோரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தம்பியை ஒரு கெட்டவார்த்தை சொல்லித் திட்டினார். அவள் நிம்மதியாக அடுப்படிக்குப் போனாள்.

திருவிழா நெருங்கியபோது தெருவில் கனமான சாமான் என்று எதுவும் மிச்சமில்லை. தொபியாஸ் மறுபடி வந்தார், இந்த முறை கமிட்டியோடு. சப்பரத்துக்குத் தோள் கொடுக்க ஆள் குறைந்துவிட்டது, இருக்கிறவர்களுக்கும் தோள் எலும்பு தேய்ந்துவிட்டது. தேக்குச் சப்பரம், அந்தக் காலத்துச் செய்முறை. புனிதரின் சுரூபத்தை இறக்கிவைத்துவிட்டால் அது வெறும் மரம்தானே, மைனி கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் என்ன. ரெஜினாள் யோசித்தாள். சப்பரம் சுமப்பது நேர்ச்சை. நேர்ச்சையைக் குறைப்பது சரியா என்று அவளுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. ஆனால் தெருவில் மிஞ்சியிருந்த ஒரே கனம் அது, டெல்பின் வண்டி பேசிவிட்டாள். குருசடிக் கொட்டகைக்குப் போய், சப்பரத்துக்கு அடியில் புகுந்து, தோளைக் கொடுத்து, இடுப்பிலிருந்து எழுந்தாள். அத்தனை நாளில் அவள் தூக்கியதிலேயே அதுதான் பெரிய கனம். முதுகுத்தண்டு முழுக்க ஒரு விளக்கு ஏறியதுபோல் இருந்தது. எழுந்தாள், இறக்கினாள், எழுந்தாள், இறக்கினாள், தினமும் போனாள், கொடியேற்றத்தன்று சப்பரம் முட்டுக்கட்டையை விட்டு விரற்கடை எழும்பி நின்றது. கமிட்டி கைதட்டியது.

டெல்பின் திருவிழா அன்று மத்தியானம் வந்து இறங்கினாள். வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வந்து, அப்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அம்மாவின் தோளை இரண்டு தடவை பார்த்தாள். எப்போம்மா என்று கேட்டாள். சப்பரம் வந்துவிட்டுப் போகட்டும் என்றாள் ரெஜினாள். பயமாக இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் பூ அலங்காரமும் சீரியல் பல்பும் போட்டு, சுரூபத்தை ஏற்றி, ஜெபம் சொல்லி, தோள் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோளில் எதுவும் படவில்லை. நாற்பது நாள் மீன் தொடாமல் விரதம் இருந்த தோள்கள் அவை. கடலில் மகன் திரும்பி வந்ததற்கும், வயிற்றுக்கட்டி கரைந்ததற்கும், கோர்ட்டில் வழக்கு ஜெயித்ததற்கும் அந்தோணியாருக்குக் கனம் சுமப்பதாக வாக்குக் கொடுத்தவை. சுமக்காமல் எப்படிக் கொடுப்பது. ஒருவர் வலிப்பதுபோல் முகத்தைச் சுளித்துப் பார்த்தார், மற்றவர்களுக்கும் அது தொற்றியது, எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார்கள். அப்போது கச்சான் அடித்தது. சப்பரம் புனிதரோடும் பல்போடும் மேலே எழும்பியது, கொம்பைப் பிடித்திருந்தவர்கள் நுனிக்காலில் நின்றார்கள், பிறகு முன்கொம்பில் இருந்தவர்கள் நிற்கவுமில்லை.

பெண்கள் ஓடிப்போய் வீட்டிலிருந்ததையெல்லாம் கொண்டுவந்து சப்பரத்தில் வைத்தார்கள். அம்மி, கிரைண்டர், நங்கூரம். சப்பரம் அவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டது. தொங்கிக்கொண்டிருந்த தொபியாஸ் ஒரு கையை விட்டு ரெஜினாள் வீட்டு வாசலைக் காட்டினார்.

“மைனி, கனமா எதுவும் மிச்சம் இருக்கா?”

ரெஜினாள் திரும்பி உள்ளே பார்த்தாள். தலையணையில் குழி விழக் கிடந்த லிகோரி அவளைப் பார்த்தார்.

டெல்பின் வழியில் நின்றாள். அம்மா வேண்டாம் என்றோ, நானும் பிடிக்கிறேன் என்றோ சொல்ல வாயெடுத்தாள், ரெஜினாள் அவளைக் கையால் ஓரமாக நகர்த்திவிட்டுக் கட்டிலருகே போய், கால்களை அகட்டி வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மடங்கி, ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்து, மூச்சை விட்டாள், விட்டபடியே எழுந்தாள். லிகோரி கனத்தார். உப்பு மூட்டையும் நங்கூரமும் பீரோவும் சப்பரமும் அவளிடம் விட்டுப்போன பலமெல்லாம் ஒன்றுகூடி வந்து தாங்க வேண்டிய அளவுக்கு, அத்தனை வருசத்துச் சாப்பாடும் கோபமும் கேலியும் சேர்ந்து கனத்தார். அவள் ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். வாசல்படியைப் பக்கவாட்டில் இறங்கி, தெருவில் வழிவிட்டு ஒதுங்கியவர்களைத் தாண்டி, பெண்கள் வடம் கட்டி இழுத்துத் தாழ்த்திய சப்பரத்தில், அந்தோணியாரின் காலடியில், அம்மிக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தாள்.

சப்பரம் இறங்கியது. தோள்களில் உட்கார்ந்தது. தூக்கியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முனகினார்கள், அப்படி ஒரு சந்தோஷமான முனகலை அந்தத் தெரு கேட்டதில்லை.

“மெதுவா, மெதுவா,” என்றார் லிகோரி மேலேயிருந்து, நல்ல கையை நீட்டிக் காற்றில் அமுக்கியபடி. “எடது பக்கம் தாழுது. தொபியாசு, நீ இன்னும் தோளைக் குடுக்காமதான் நடிக்கியால?”

வாணம் விட்டார்கள், பேண்டு வாசித்தார்கள். நாலு தெருவும் சுற்றி வரும்வரை அவர் ஏசிக்கொண்டே வந்தார், சப்பரம் ஒரு முழம்கூட எழும்பவில்லை. நேர்ச்சை வைத்தவர்கள் தோள் வீங்கி வீட்டுக்குப் போனார்கள். மிக்கேலம்மாள் சப்பரத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள், அந்தோணியாரையா லிகோரியையா என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டாள்.

குருசடியிலிருந்து ரெஜினாள் அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது, டெல்பின் வாசலில் வண்டிக்காரனிடம் பேசி அவனை அனுப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் போனை எடுத்து, இடம் வேண்டாம் என்று அந்த இல்லத்துக்குத் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.  காப்பி போடட்டுமா அப்பா என்று கேட்டாள். லிகோரி, ஒங்கம்மா போட்டா வேண்டாம், நீ போட்டாலும் இந்தச் சிலிண்டர்ல பால் பொங்காது, இருந்தாலும் போடு என்றார். அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். தீப்பெட்டியை உரசும் சத்தம் கேட்டது.

ரெஜினாள் அவரை ஏந்திக்கொண்டே, சாயங்காலம் எடுத்த இடத்தைப் பார்த்துக் கட்டிலருகே நின்றாள். பிறகு வலது காலை நீட்டி, கட்டிலை ஒரு சாண் ஜன்னல் பக்கமாகத் தள்ளிவிட்டு, அவரை அதில் கிடத்தினாள்.